ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது: சவன்னாவா, சார்ல்ஸ்டனா, செயின்ட் அகஸ்டினா?

நீண்ட வார இறுதி நெருங்கினால் போதும், நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி வந்துவிடும். "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கோயிலும் மாலும் காட்டியாகிவிட்டது. பழைய ஊர் ஒன்றைக் காட்டி, அந்த ஊர்ச் சாப்பாட்டையும் சாப்பிட வைக்க வேண்டும். ஒரு நாள்தான். எங்கே போகலாம்?" அட்லாண்டாக்காரர்கள் மட்டுமில்லை, சார்லட், ஆர்லாண்டோ பக்கம் இருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பேச்சு எப்போதும் மூன்று ஊர்களில் வந்து நிற்கும்: ஜார்ஜியாவின் சவன்னா, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின்.

மூன்றும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இருப்பவை. ஐ-95 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். மூன்றிலும் தாடி தாடியாகப் பாசி தொங்கும் ஓக் மரங்கள், பழைய வீடுகள், இறால். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நேரில் ஒவ்வொன்றும் வேறு. மூன்றுக்கும் பல தடவை போயிருக்கிறேன், முட்டிவலிக்காரர்களோடும், குழந்தைகளோடும், சுத்த சைவம் சாப்பிடும் அத்தையோடும். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "ஒரு நாள்" என்று நான் சொல்வது, காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை அந்த ஊரிலேயே இருப்பதை. அட்லாண்டாவிலிருந்து சவன்னா சுமார் 250 மைல். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் என்று ஒரே நாளில் ஓட்டினால் ஊருக்கென்று கிடைப்பது ஐந்தாறு மணி நேரம், அதுவும் அரைத் தூக்கத்தில். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, கால். இந்த ஊர்களை நடந்துதான் பார்க்க முடியும். எவ்வளவு நடக்க வேண்டும், நிழல் உண்டா, உட்கார இடம் உண்டா, தரை சமமாக இருக்கிறதா என்பதே பெரியவர்களோடு போகும்போது முதல் கேள்வி.

இரண்டு, வயிறு. அந்த ஊருக்கே உரிய சாப்பாடு என்ன, அது எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும், நம் வீட்டு சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்.

மூன்று, கண்ணுக்குத் தெரியாத செலவு. டிக்கெட் விலையை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். கார் நிறுத்தும் கட்டணம், வரிசையில் போகும் நேரம், மூடியிருக்கும் கிழமை, கடல் தண்ணீர் ஏறும் நேரம், இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. ஊர் யாருடைய கதையைச் சொல்கிறது? குறிப்பாக சவன்னா, சார்ல்ஸ்டன் ஊர்களின் செல்வம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் வந்தது. சேற்றில் நின்று நெல் விளைவித்தவர்களும், செங்கல் அறுத்தவர்களும், சமையலறையில் வெந்தவர்களும் அவர்கள்தான். இன்று தென்மாநிலச் சாப்பாடு என்று நாம் ருசித்துச் சாப்பிடுவதில் பெரும்பகுதி அவர்களுடைய கைப்பக்குவம். வெள்ளைத் தூண் வைத்த வீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறோம். கூட வரும் பிள்ளைகள் இங்கேயே வளரப் போகிறவர்கள். அவர்கள் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சவன்னா: நடக்கத் தெரிந்தால் போதும்

1733-இல் ஜேம்ஸ் ஓக்லதார்ப் என்பவர் இந்த ஊரைத் திட்டமிட்டுக் கட்டினார். நேர்நேராகத் தெருக்கள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு சதுக்கம். மொத்தம் 24 சதுக்கங்கள் அமைந்தன, இன்று 22 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய லைவ் ஓக் மரங்கள், அவற்றில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ். பேரில்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தைப் பிடித்துத் தொங்குமே தவிர அதை உறிஞ்சாது.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த அமைப்பு ஒரு வரம். இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் நிழல், நிழலில் பெஞ்சு. அப்பா ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நாம் அடுத்ததைப் பார்த்துவிட்டு வரலாம். வழி தவற வாய்ப்பே இல்லை. ஊரின் உயரமான பகுதி முழுக்கச் சமதரை. வடக்கே ஆற்றங்கரையில் தொடங்கி புல் தெரு வழியாகத் தெற்கே நடந்தால் ஐந்து சதுக்கங்களைத் தாண்டி, 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று உள்ள ஃபோர்சைத் பூங்காவில் முடியும். ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல்.

நடக்கிற வழியில் ரைட் சதுக்கத்தில் ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கும். யமக்ரா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் டோமோசிச்சியின் நினைவுக்கல் அது. ஓக்லதார்ப்புக்கு இந்த நிலத்தில் குடியேற இடம் கொடுத்தவர் அவர். அவரை அடக்கம் செய்த அதே சதுக்கத்தில் 1883-இல் ஒரு ரயில்வே கம்பெனித் தலைவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதற்குப் பரிகாரம்போல 1899-இல் வந்து சேர்ந்தது இந்தப் பாறை.

இன்னும் தெற்கே ஒரு சதுக்கத்துக்கு, அடிமைமுறையே நன்மை என்று வாதாடிய செனட்டர் ஜான் கல்ஹூனின் பெயர் நெடுங்காலம் இருந்தது. 2023-இல் அது டெய்லர் சதுக்கம் ஆனது. சூசி கிங் டெய்லர் அடிமையாகப் பிறந்தவர். இதே ஊரில் ரகசியப் பள்ளிகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, பதின்ம வயதிலேயே ஆசிரியை ஆனவர், உள்நாட்டுப் போரில் செவிலியாகவும் இருந்தவர். பிள்ளைகளோடு போனால் அந்தப் பெயர்ப்பலகை முன்னால் பத்து நிமிடம் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஓவன்ஸ்-தாமஸ் வீட்டில் முதலாளியின் கூடத்தை மட்டும் காட்டுவதில்லை. அடிமைகள் படுத்த இடத்தையும், அவர்கள் வேலை செய்த நிலவறையையும் சேர்த்தே காட்டுகிறார்கள். அதே டிக்கெட்டில் இன்னும் இரண்டு அருங்காட்சியகங்களுக்குப் போகலாம். இன்னொன்று ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம். பகலெல்லாம் உழைத்த மக்கள் இரவில் வந்து கட்டியது, 1859-இல் முடிந்தது. அதன் தரையில் வடிவமாகத் துளைகள் இருக்கும். தப்பி ஓடிவந்தவர்கள் அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட அமைத்தவை என்று சபையார் சொல்கிறார்கள்.

அதே 1859 மார்ச்சில், இந்த ஊரை ஒட்டிய குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு நாளில் 436 பேரை ஏலம் போட்டார்கள். அந்த விற்பனையை 'அழுகையின் காலம்' என்று அம்மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சரி, சாப்பாடு. ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ் என்ற பழைய சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. பத்துப் பேர் உட்காரும் மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து, வறுத்த கோழி, தக்காளி போட்ட ரெட் ரைஸ், கீரை, பீன்ஸ், காராமணி என்று இருபது கிண்ணங்களைக் கை மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். நம் பந்திச் சாப்பாடு பழகியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வார நாட்களில் மதியம் மட்டும்தான். சனி ஞாயிறில் போகிறவர்கள் இதை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். வார நாளிலும் ஒன்றரை மணி நேர வரிசை சாதாரணம். இனிப்புக்கு, 1919-இல் தொடங்கிய லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் கடை. பீக்கன் பருப்பும் சர்க்கரையும் சேர்த்த பிரலீனும் உண்டு. ஆற்றங்கரை மிட்டாய்க் கடைகளில் சூடாக ஒரு துண்டு சும்மாவே ருசி பார்க்கத் தருவார்கள்.

மறைந்த செலவு ஆற்றங்கரையில்தான். ரிவர் தெருவுக்கு இறங்கும் கல் படிகள் செங்குத்து, ஒன்றுபோல் ஒன்று இல்லை. கீழே தரையில் பதித்திருப்பது கப்பல்களில் பாரத்துக்கு ஏற்றி வந்த கற்கள். குழந்தை வண்டி துள்ளும், முட்டி வலிக்கும். சரிவான தெரு வழியாகச் சுற்றி இறங்குங்கள். இன்னொன்று, பழைய நகரப் பகுதியில் பிளாஸ்டிக் கப்பில் மது எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கச் சட்டமே அனுமதிக்கிறது. சனி இரவு எட்டரைக்கு மேல் ரிவர் தெரு அப்பா அம்மாவோடு போகும் இடமில்லை. மாலையிலேயே பார்த்துவிடுங்கள். கார் ஓரிடத்தில் நின்றால் போதும். டாட் என்ற இலவசப் பேருந்தும், ஆற்றைக் கடக்கும் இலவசப் படகும் இருக்கின்றன. அந்தப் படகு குழந்தைகளுக்குச் சில நிமிட சொர்க்கம்.

சார்ல்ஸ்டன்: ஒரு நாளுக்கு அடங்காது

மூன்றில் பணக்கார ஊர் இது, ஆழமான ஊரும் இதுதான். 1670-இல் ஆங்கிலேயர் குடியேறி, பத்து வருடத்தில் ஆஷ்லி, கூப்பர் ஆறுகளுக்கு நடுவிலுள்ள இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். நெல்தான் இந்த ஊரைப் பணக்கார ஊராக்கியது. சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, மதகு வைத்து, ஆற்று ஏற்ற இறக்கத்தைக் கொண்டு தண்ணீர் பாய்ச்சி நெல் விளைவித்த அந்த அறிவு மேற்கு ஆப்பிரிக்க நெல் நாடுகளிலிருந்து வந்த மக்களுடையது. லாபம் மட்டும் வேறு ஆட்களுக்குப் போனது.

டெல்டாக்காரர்கள் யாராவது கூட வந்தால் இந்த ஊரில் அவர்கள் மனம் ஒட்டிவிடும். சிட்டி மார்க்கெட்டில் பெண்கள் உட்கார்ந்து ஸ்வீட்கிராஸ் புல்லில் கூடை பின்னிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கரையோரத்தில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் கைத்தொழில் இது. இதன் பழைய வடிவம் நெல் புடைக்கும் முறம். எங்கள் பெரியம்மா அந்தத் தட்டுக்கூடை ஒன்றைக் கையில் எடுத்ததும், யாரும் சொல்லாமலே இரண்டு தரம் புடைத்துக் காட்டினார். பின்னிக்கொண்டிருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே தானும் புடைத்துக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. சின்னக் கூடைக்கே பல பத்து டாலர், பெரியது நூறுகளைத் தாண்டி ஆயிரத்துக்கும் போகும். பேரம் பேசாதீர்கள், ஒவ்வொன்றிலும் பல மணி நேர உழைப்பு இருக்கிறது.

இந்தச் சந்தையில்தான் மனிதர்களை விற்றார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1856 வரை எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் பக்கம் திறந்தவெளியில் ஏலம் நடந்தது. பிறகு நகரம் அதைத் தடுத்ததும் சாமர்ஸ் தெரு உள்ளிட்ட இடங்களில் மதிலுக்குள் நடந்தது. சாமர்ஸ் தெருக் கூடமே இன்று ஓல்ட் ஸ்லேவ் மார்ட் அருங்காட்சியகம். சிறியது, முக்கால் மணி நேரம் போதும்.

பெரிய கேள்வி இதுதான்: சம்ட்டர் கோட்டையா, ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமா? 1861 ஏப்ரல் 12-இல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது துறைமுகத்தின் நடுவிலுள்ள அந்தக் கோட்டையில். படகில்தான் போக முடியும். போய்த் திரும்ப இரண்டேகால் மணி நேரம், வரிசையையும் சேர்த்தால் அரை நாள். தேசியப் பூங்கா ஆண்டு அட்டை வைத்திருப்பவர்கள் இலவசம் என்று எண்ணிப் போகிறார்கள். படகுக் கட்டணம் அட்டையில் அடங்காது, பெரியவருக்கு 30 டாலருக்கு மேல். ஒரு நாள்தான் என்றால் கோட்டையை விட்டுவிடுங்கள். 2023 ஜூனில் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர்களை இறக்கிய காட்ஸ்டன் துறையின் மேலேயே அதைத் தூண்களில் நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள், அந்த மண்ணைத் தொடாமல். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், திறந்திருக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் அடியிலுள்ள நினைவுத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

வீடுகளும் பார்க்கத்தக்கவை. சார்ல்ஸ்டன் 'சிங்கிள் ஹவுஸ்' ஓர் அறை அகலம்தான். தெருவுக்கு விலாவைக் காட்டி நிற்கும். தெருக் கதவைத் திறந்தால் வீடு வராது, நீளமான தாழ்வாரம் வரும். கடல்காற்று வீட்டுக்குள் வரச் செய்த ஏற்பாடு அது. 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களை இழுத்துப் பிடிக்க மாட்டிய இரும்பு முடிச்சுகளை இன்னும் சுவர்களில் காணலாம். 1931-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகப் பழைய நகரப் பகுதியைக் காக்கச் சட்டம் போட்ட ஊர் இது. ரெயின்போ ரோவின் 13 வண்ண வீடுகளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

சாப்பாட்டில் மூன்றில் இதுவே முதலிடம். ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் என்பது இறாலும் சோளக் குருணைக் களியும். நல்ல கையில் அந்தக் களி நம் வெண்பொங்கல் பதத்தில் இருக்கும். வெண்டைக்காய் சூப், நண்டு முட்டை சேர்த்த ஷீ-கிராப் சூப், காராமணியும் அரிசியும் சேர்ந்த ஹாப்பின் ஜான், புலாவின் தூரத்துச் சொந்தமான பெர்லோ. வெண்டைக்காயும் காராமணியும் இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, நம் ஊரிலும் அன்றாடம் சமைப்பவைதான். அதனால்தான் இந்தச் சாப்பாடு முதல் வாயிலேயே நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அவித்த கடலையும் விற்பார்கள், உப்புத் தூக்கலாக. அப்பா காரைவிட்டு இறங்க மாட்டார், கடலையை மட்டும் கேட்பார்.

இனி செலவுக் கணக்கு. நல்ல உணவகங்களுக்கு வார இறுதியில் வாரக்கணக்கில் முன்பதிவு வேண்டும். பழைய நகரத்துக்குள் தங்கினால் அறை வாடகை மட்டுமில்லை, கார் நிறுத்தவே ஓர் இரவுக்கு 40 டாலரைத் தாண்டும். வட சார்ல்ஸ்டனில் தங்கிக் காலையில் ஊருக்குள் வருவது மேல். டாஷ் என்ற இலவசப் பேருந்து உள்ளே ஓடுகிறது. குதிரை வண்டிச் சவாரியில் நீங்கள் எந்தத் தெருக்களைப் பார்ப்பீர்கள் என்பது குலுக்கலில் முடிவாகும். நெரிசலைக் குறைக்க நகரம் வைத்த விதி அது. ரெயின்போ ரோ வரும் என்று எண்ணி ஏறாதீர்கள். கடைசியாக, மழையே இல்லாவிட்டாலும் கடல் ஏற்றத்தின்போது தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்துங்கள். உப்புத்தண்ணீர் காருக்கு ஆகாது.

தேயிலைத் தோட்டம், ஏஞ்சல் ஓக் மரம், தோட்ட மாளிகைகள் எல்லாம் அருமைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஊரைவிட்டு அரை மணி, முக்கால் மணி தூரம். ஒரு நாள் பயணத்தில் அவற்றைச் சேர்த்தால் நாள் காரிலேயே போய்விடும்.

செயின்ட் அகஸ்டின்: சின்ன ஊர், பெரிய கோட்டை

1565-இல் ஸ்பானியர்கள் நிறுவியது. இன்றைய அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர் நிறுவி, இன்றுவரை இடைவிடாமல் மக்கள் வாழும் ஊர்களில் இதுவே மூத்தது. ஆயிரம் வருடக் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நம் பெற்றோருக்கு அந்த வருடம் பெரிதாகத் தோன்றாது. தரங்கம்பாடியில் கடலோரக் கோட்டை பார்த்த ஞாபகம் இருப்பவர்களுக்குச் சட்டென்று ஒட்டும்.

காஸ்டில்லோ டி சான் மார்கோஸ் கோட்டையை 1672-இல் தொடங்கி 1695-இல் முடித்தார்கள். சிப்பி ஓடுகள் இறுகி உண்டான கோக்கினா என்ற கல். பீரங்கிக் குண்டு பட்டால் உடையாது, உள்வாங்கிக்கொள்ளும். 1702-இல் இன்றைய சார்ல்ஸ்டனிலிருந்து ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து ஊரையே எரித்தார், கோட்டை அசையவில்லை. 1740-இல் சவன்னாவைக் கட்டிய அதே ஓக்லதார்ப் வந்து முற்றுகையிட்டார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்த முற்றுகைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, எனக்கு இந்த ஊரின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான். கரோலினாவின் தோட்டங்களிலிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்தவர்களுக்கு ஸ்பானிய அரசு விடுதலை கொடுத்தது, கத்தோலிக்கராகிப் படையில் சேர்ந்தால். 1738-இல் அவர்களுக்காக ஊருக்கு வடக்கே மோசே கோட்டை என்ற குடியிருப்பு எழுந்தது. இன்றைய அமெரிக்க மண்ணில் சட்டப்படி அமைந்த முதல் சுதந்திரக் கறுப்பர் ஊர். அதன் தலைவர் ஃபிரான்சிஸ்கோ மெனெண்டெஸ். 1740-இல் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த அந்த இடத்தை மீட்ட சண்டையில் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். விடுதலைக்கு வடக்கே ஓடியதாகத்தான் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். முதலில் தெற்கே ஓடினார்கள் என்பதை இங்கே வந்தால் தெரிந்துகொள்ளலாம். பெரிய கோட்டையிலிருந்து மோசே கோட்டைப் பூங்கா காரில் பத்து நிமிடத்துக்குள்.

ஊர் சின்னது. அதன் நடுவில் கார் போகாத செயின்ட் ஜார்ஜ் தெரு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரம். கடைகள் அதிகம், நெரிசலும் அதிகம். காலையிலேயே கோட்டையைப் பார்த்துவிடுங்கள், பத்தரைக்கு மேல் மதில்மேல் நிழலே இருக்காது. கட்டணம் பெரியவருக்கு 15 டாலர் அளவில், 16 வயதுக்குக் கீழ் இலவசம், தேசியப் பூங்கா அட்டை இங்கே செல்லும். சார்ல்ஸ்டன் படகோடு ஒப்பிட்டால் நாலு பேர் குடும்பத்துக்கு நல்ல மிச்சம். 'இளமை ஊற்று' என்ற பூங்காவுக்குத் தனி டிக்கெட். குடித்தால் இளமை திரும்பும் என்ற ஊற்றின் கதை வெறும் கதைதான். ஆனால் 1565 குடியேற்றத்தின் தடயங்களை அகழ்ந்து எடுத்த இடமும் அதே வளாகம்தான். நேரம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இழப்பில்லை.

சாப்பாட்டில் இந்த ஊரின் பெருமை டாட்டில் மிளகாய். ஹாபனேரோவுக்குச் சொந்தம், அதே காரம், கொஞ்சம் பழ வாசனை. 1777-இல் தெற்கேயிருந்த அவுரித் தோட்டத்தின் கொடுமை தாங்காமல் தப்பிவந்த, மத்தியதரைக் கடலின் மினோர்கா தீவு மக்கள் இங்கே தங்கினார்கள். அவர்களுடைய கிளிஞ்சல் சூப் தக்காளிச் சிவப்பில், டாட்டில் காரத்தோடு வரும். தென்மாநிலச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று குறைப்படும் அப்பாக்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டது இந்த ஊரில் மட்டும்தான். டாட்டில் சாஸ் ஒரு புட்டி வாங்கி வாருங்கள், தோசைக்கே தொட்டுக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஊரிலும் காய்கறி என்று மெனுவில் போட்டிருப்பது பெரும்பாலும் சைவம் இல்லை. காலர்ட் கீரையைப் பன்றித்தொடை எலும்போடு வேகவைப்பதுதான் வழக்கம். பீன்ஸில் பேக்கன் இருக்கும். ரெட் ரைஸில் சாசேஜ். ஹாப்பின் ஜானில் பன்றி இறைச்சி. கிரிட்ஸைச் சில இடங்களில் கோழிச் சாற்றில் காய்ச்சுகிறார்கள். பிஸ்கட் என்ற மெத்தென்ற ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். எங்கள் அத்தை ஒரு கடையில் "வெஜிடபிள் பிளேட்" வாங்கி, கீரையில் பாதியைச் சாப்பிட்ட பிறகு அடியில் ஒரு துண்டு எலும்பைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் வேறொன்றும் சாப்பிடவில்லை. நாங்கள் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

"இறைச்சி இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் அது வாசனைக்குப் போட்டது. "ஹாம், பேக்கன், சிக்கன் ஸ்டாக் ஏதாவது போட்டு வேகவைத்ததா? எந்தக் கொழுப்பில் பொரித்தது?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள். மாக்கரோனி சீஸ், மக்காச்சோளக் கதிர், வறுத்த பச்சைத் தக்காளி, கோல்ஸ்லா, பீச் காப்ளர் பெரும்பாலும் தப்பும். கலைக் கல்லூரி மாணவர்கள் நிறைந்த சவன்னாவில் சைவ உணவகம் தேடுவது மற்ற இரண்டைவிடச் சுலபம். எப்படியும் ஒரு டப்பா தயிர்சாதமோ புளிசாதமோ காரில் இருக்கட்டும், சவன்னா சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட யாரும் தடுக்கப்போவதில்லை.

ஒரு பார்வையில்

| | சவன்னா | சார்ல்ஸ்டன் | செயின்ட் அகஸ்டின் |
|---|---|---|---|
| அட்லாண்டாவிலிருந்து | சுமார் 4 மணி | சுமார் 5 மணி | சுமார் 6 மணி |
| சார்லட்டிலிருந்து | சுமார் 4 மணி | சுமார் 3½ மணி | 6 மணிக்கு மேல் |
| ஆர்லாண்டோவிலிருந்து | சுமார் 4 மணி | 5½ மணிக்கு மேல் | 2 மணிக்குள் |
| நடை | சமதரை, அடிக்கடி பெஞ்சு. ஆற்றங்கரைப் படிகள் கடினம் | தூரம் அதிகம், நடைபாதை மேடுபள்ளம் | குறைவு. கோட்டையில் படிகள் |
| நிழல் | நிறைய | ஓரளவு | குறைவு |
| ஊர்ச் சாப்பாடு | நன்று | மிக நன்று | ஒன்றிரண்டு மட்டும், ஆனால் காரம் |
| சைவம் | சமாளிக்கலாம் | கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும் | கஷ்டம் |
| செலவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |

யார் எங்கே போகலாம்

பெற்றோரோடு, ஒரு நாள், முதல் தடவை என்றால் சவன்னா. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாள் முடியும்போது ஊரை முழுதாகப் பார்த்த நிறைவோடு திரும்புவது அங்கே மட்டும்தான்.

சாப்பாட்டுக்காகவே கிளம்புகிறவர்களும், நெல்லின் கதையையும் அடிமைமுறையின் கதையையும் ஆழமாக அறிய விரும்புகிறவர்களும் சார்ல்ஸ்டன் போங்கள். ஆனால் காலையில் அருங்காட்சியகம், மதியம் ஒரு நல்ல சாப்பாடு, மாலை தெற்கு முனையில் பேட்டரி என்ற கடலோர நடைபாதைப் பக்கம் நடை, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தர முடிந்தால் அப்போது சார்ல்ஸ்டனே முதல் தேர்வு, சம்ட்டர் கோட்டையும் சேரும்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், அல்லது ஆர்லாண்டோவுக்கு எப்படியும் போகிறீர்கள் என்றால் செயின்ட் அகஸ்டின். பீரங்கி, மதில், அகழி, பக்கத்திலேயே கடற்கரை. பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள். அட்லாண்டாவிலிருந்து அதற்காக மட்டும் ஆறு மணி நேரம் ஓட்டிப் போகச் சொல்ல மாட்டேன்.

"சவன்னாவுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் இரண்டு மணி நேரம்தானே, காலையில் ஒன்று மாலையில் ஒன்று பார்த்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் ஒரு தடவை அப்படிச் செய்தோம். இரண்டு ஊரிலும் கார் நிறுத்த இடம் தேடியதுதான் நினைவிருக்கிறது. வேண்டாம்.

அப்புறம் நாள் குறிப்பது. மார்ச் கடைசி, ஏப்ரல், அக்டோபர் கடைசி, நவம்பர் நல்லவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைப் புழுக்கம்தான், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் வாய்ப்பு அதிகம், அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதியுங்கள். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி சவன்னாவில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் மடங்காகும். மே கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை சார்ல்ஸ்டனில் ஸ்போலேட்டோ கலைவிழா, அப்போதும் அதே நிலை. செயின்ட் அகஸ்டினில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஊரெங்கும் விளக்கு அலங்காரம். பார்க்க அழகு, ஆனால் மாலை நாலரைக்குள் காரை நிறுத்திவிட வேண்டும்.